அத்தை காடி ஓட்டும் படம்

எங்கள் மாமாவுக்கு இந்த உலகத்தில் பிடிக்காத விஷயம் ஒன்று உண்டென்றால் அது பின்னணிதான். அம்மாவின் தம்பியான அவர், வார நாள்களில் ஒரு சரக்குக் கப்பல் அலுவலகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பார். சனி, ஞாயிறு வந்தால் கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு யாருடைய காரையாவது படமெடுக்கக் கிளம்பிவிடுவார். காரைப் பற்றிக் கேட்டால் அவரிடம் சொல்ல அதிகமிருக்காது. காருக்குப் பின்னால் இருப்பதைப் பற்றிக் கேட்டால் விடிய விடியப் பேசுவார்.

சிங்கப்பூரில் காரை எங்கே கொண்டுபோய் நிறுத்தினாலும் பின்னால் ஏதாவது ஒன்று நிற்கிறது என்பது அவருடைய தீராத மனக்குறை. ஒரு குப்பைத்தொட்டி, ஒன்பதாம் மாடியில் மூங்கில் கழியில் யாரோ காயப்போட்ட போர்வை, ஆள் உயரத்துக்கு எண் எழுதிய அடுக்குமாடி புளோக்கின் சுவர், அதுவும் இல்லையென்றால் இன்னொரு கார். அதனால் பின்னணியை மங்கவைத்தே ஆகவேண்டும் என்பார். காரைச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி நிறுத்த வேண்டும். தானும் தூரப் போய் நின்று நீளமான லென்ஸைப் போட்டு, அதன் கண்ணை முழுசாகத் திறந்துவைத்து எடுக்க வேண்டும். அப்போது கார் மட்டும் பளிச்சென்று நிற்கும், மற்றதெல்லாம் தண்ணீரில் கரைத்த சாயமாகிவிடும். அந்தச் சாயத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டி, "எப்படி உருகியிருக்கு பாத்தியா?" என்று என்னிடம் கேட்பார். எனக்கு அப்போது பத்து வயது. உருகியதை ஏன் பார்க்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. இருந்தாலும் தலையாட்டினால் குடிக்க மைலோ வாங்கித் தருவார் என்பதால் தலையாட்டுவேன்.

என் அத்தைக்கு, அதாவது அப்பாவின் அக்காவுக்கு, இந்த மாமாவைக் கண்டாலே ஆகாது. "லென்ஸுக்குக் கொட்டுற காசுல ஒரு பொண்ணப் பாத்துக் கட்டியிருக்கலாம்" என்று அவர் காதில் விழும்படியே சொல்வார். கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்ட அத்தை இதைச் சொல்வது நியாயமா என்று யாரும் திருப்பிக் கேட்டதில்லை. அத்தையிடம் திருப்பிக் கேட்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. முப்பது வருஷத்துக்கு மேல் மருத்துவமனையில் தாதியாக இருந்தவர். நோயாளிகளை மட்டுமல்ல, டாக்டர்களையும் அதட்டிப் பழகிய குரல்.

எங்கள் குடும்பத்தில் கார் வைத்திருந்தவர் அத்தை ஒருவர்தான். வெள்ளி நிறத்தில் சின்னக் கார். அவர் அதைக் கார் என்று சொல்லி நான் கேட்டதில்லை, பழைய ஆள்கள் சொல்வதுபோல 'காடி' என்றுதான் சொல்வார். காடிக்குள் முறுக்கு தின்னக் கூடாது. மழையில் நனைந்த குடையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், கீழே வைக்கக் கூடாது. கதவைச் சாத்தும்போது சத்தம் வந்தால், "இது என்ன லாரியா?" என்று ஒரு கேள்வி வரும். இத்தனை சட்டங்களோடும் அந்தக் காடி எங்கள் எல்லாரையும் சுமந்தது. ஊரிலிருந்து வரும் உறவுக்காரர்களை விமான நிலையத்திலிருந்து கூட்டிவந்தது. என் தம்பி பிறந்தபோது அம்மாவை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்ததும் அதுதான். தீபாவளிக்கு முந்தின வாரம், கூட்டத்தில் மூச்சு முட்டும் தேக்கா கடைத்தெருவுக்குள் எங்களைத் துணி எடுக்க இறக்கிவிட்டதும் அதுதான்.

இறக்கிவிட்டது என்று சொன்னேன் அல்லவா, அதில்தான் விஷயம் இருக்கிறது. சிராங்கூன் சாலையில் ஞாயிற்றுக்கிழமை காரை நிறுத்த இடம் தேடியவர்களுக்குத் தெரியும். கோயில் வாசலிலோ கல்யாண மண்டபத்திலோ எங்களை இறக்கிவிட்டு, "சீக்கிரம் எறங்குங்க, பின்னாடி பஸ் வருது" என்று விரட்டிவிட்டு, அத்தை பார்க்கிங் தேடப் போய்விடுவார். அரைமணி நேரம் கழித்து, வேர்த்து விறுவிறுத்து நடந்து வருவார். அதற்குள் மணமக்களோடு குடும்பப் படம் எடுத்து முடிந்திருக்கும். "அத்தை எங்க?" என்று யாராவது கேட்டால், "பார்க்கிங் போயிருக்காங்க" என்று ஒரே குரலில் சொல்வோம். பத்து வருஷம் இப்படியே சொன்னோம்.

இங்கே ஒரு காருக்குச் சட்டப்படி ஆயுள் பத்து வருஷம். பத்தாவது வருஷம் முடிந்தால், உரிமையை நீட்டிக்க இன்னொரு கார் விலையைக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் உடைக்கக் கொடுத்துவிட வேண்டும். அத்தை அப்போது ஓய்வுபெற்றுவிட்டார். கொடுத்துவிடுவதாக முடிவெடுத்தார். முடிவைச் சொன்ன விதத்தைப் பார்த்தால் ஏதோ பழைய பாயைத் தூக்கிப் போடுவதுபோல இருந்தது. "மனுஷனுக்கே கியாரண்டி இல்ல, இரும்புக்கு என்ன?" என்றார். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று எங்களுக்கும் நிம்மதியாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவின் கைத்தொலைபேசியை வாங்கிப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். காடியின் படம் ஒன்று வேண்டுமாம், நல்லதாக, ஃபிரேம் போட. படங்களுக்குக் குறைவில்லை. அப்பா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு காரின் மேல் சாய்ந்து நின்றார், கார் தன்னுடையது என்பதுபோல. அம்மா பட்டுப்புடவையில் கதவைப் பிடித்தபடி நின்றார். நான் பள்ளியில் சேர்ந்த முதல் நாள் புத்தகப் பையோடு காருக்கு முன்னால் நின்றேன். ஊரிலிருந்து வந்த பெரியம்மாவும் பெரியப்பாவும் முன் இருக்கைகளில் உட்கார்ந்து, ஓட்டுவதுபோல் பாவனை செய்து எடுத்துக்கொண்ட படம்கூட இருந்தது. அத்தை ஒரு படத்திலும் இல்லை. மங்கலாகக்கூட இல்லை.

"பத்து வருஷம் ஓட்டியிருக்கேன்" என்றார் அத்தை, தொலைபேசியை அம்மாவிடம் நீட்டியபடி. "நான் ஓட்டினேன்னு சொல்ல ஒரு படம் கெடையாது."

அதட்டலாகத்தான் சொன்னார். ஆனால் அம்மா உடனே சமையலறைக்குள் போய்த் தன் தம்பிக்கு அழைத்துவிட்டார்.

மாமா குஷியாகிவிட்டார். அத்தை தன்னிடம் ஒரு காரியம் கேட்பது அதுவே முதல் தடவை. கடற்கரைப் பக்கம் மரம் அடர்ந்த சாலையில் அத்தை ஓட்டிவர, தான் ஓரமாக நின்று கேமராவைக் காரோடு சேர்த்துத் திருப்பி எடுப்பதாகச் சொன்னார். கார் நின்றதுபோலத் தெளிவாக இருக்கும், மரமெல்லாம் கோடு கோடாக ஓடிவிடும். அத்தை அலட்சியமாகக் கேட்பதுபோலக் கேட்டுவிட்டு, எந்தப் புடவை கட்டலாம் என்று அம்மாவிடம் தனியாக விசாரித்தார். நாள் குறித்தாயிற்று. கார் உடைப்புக்குப் போகும் திங்களுக்கு முந்தின ஞாயிறு.

அந்த ஞாயிறு வருவதற்குள் காடி படுத்துவிட்டது. அத்தை எப்போதும் தன் புளோக்கை ஒட்டிய பலமாடிக் கார்நிறுத்தத்தின் மொட்டை மாடியில்தான் நிறுத்துவார். வெயில் கொளுத்தும் என்று யாரும் அங்கே ஏறமாட்டார்கள், இடம் தாராளமாகக் கிடைக்கும். ஒரு காலை எஞ்சினைப் போட்டால் உறுமுகிறது, விளக்கு எரிகிறது, ஆனால் நகரவில்லை. கியர்பாக்ஸ் போய்விட்டது என்றார் பார்க்க வந்த பட்டறைக்காரர். "திங்கட்கெழம சாகப்போறதுக்கு எதுக்குக்கா ஆபரேஷன்?" என்று சிரித்தாராம். அத்தை அவரை என்ன சொன்னார் என்பது தெரியவில்லை. மனிதர் தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டதாக அப்பா சொன்னார்.

ஞாயிறு மாலை நாங்கள் எல்லாரும் அந்த மொட்டை மாடிக்குப் போனோம். தம்பியைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம். அத்தை நீலப் பட்டுப்புடவையில் வந்திருந்தார். தலையில் பூ இருந்தது. மாமா நிற்கும் காரையே எடுத்துத் தருவதாகச் சொல்லி, தூரப் போய்த் தரையோடு தரையாகக் குனிந்து எடுத்தார். எதிர்ப்புறப் புளோக்குகள் எல்லாம் உருகி வழிந்தன. அவருடைய சாமர்த்தியம் முழுவதையும் காட்டிய படம்தான். அத்தை கேமராத் திரையைப் பார்த்தார்.

"பின்னாடி மங்கிப்போச்சு, சரி. காடி நிக்குதே?"

"நிக்கிற காரு நிக்கத்தானே செய்யும்கா."

"நிக்கிற காடியத்தான் நாளைக்கு டோ பண்ணி இழுத்துட்டுப் போறவன் பாக்கப் போறானே. அதுக்கு எதுக்கு நீ?"

அவ்வளவுதான். அத்தை சாவியைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். வீட்டுக்குப் போகலாம் என்றார். நான் உண்மையில் சந்தோஷப்பட்டேன், பசித்தது. மாமா மட்டும் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். அப்புறம், "இருங்கக்கா, எஞ்சின்ல போக முடியாததும் நல்லதுதான்" என்றார்.

அவருக்குப் பைத்தியம் என்று அத்தை பல தடவை சொல்லியிருக்கிறார். அன்று சொல்லத் தேவையே இருக்கவில்லை.

மாமா விளக்கினார். கேமராவைக் காரிலேயே கட்டிவிட வேண்டும். கார் நகரும்போது கேமராவும் கூடவே நகரும், அதனால் கேமராவுக்குக் கார் அசையாமல்தான் தெரியும். அசைவதெல்லாம் உலகம்தான். கேமராவின் கண்ணை ஓரிரண்டு விநாடி திறந்துவைத்தால் போதும், ஆமை வேகத்தில் போனாலும் உலகம் கோடாகிவிடும். எஞ்சின் ஓடினால்தான் கேமரா நடுங்கிப் படம் கெடும். விளம்பரங்களில் பறக்கும் கார்கள் பலவற்றை ஆள் வைத்துத் தள்ளித்தான் எடுக்கிறார்கள் என்றார்.

"யாரு தள்ளுவா?" என்று கேட்டார் அத்தை.

மாமா எங்களைப் பார்த்தார்.

எங்கிருந்தோ கிளம்பியது ஒரு வேகம். அத்தை வீட்டுச் சமையலறை ஜன்னலிலிருந்து துணி காயப்போடும் மூங்கில் கழி வந்தது. மாமா தன் பையிலிருந்து, கண்ணாடிப் பலகை தூக்குகிறவர்கள் பிடித்துக்கொள்ளும் பெரிய ரப்பர் கிண்ணங்களை எடுத்தார். அவற்றைக் காரின் எஞ்சின்மேலுள்ள முன்மூடியில் அழுத்தி ஒட்டி, அதன்மேல் கழியைக் கட்டி, கழியின் நுனியில் கேமராவை இறுக்கிப் பொருத்தினார். கழி படத்தில் விழுமே என்று அப்பா கேட்டதற்கு, அதைக் கணினியில் துடைத்துவிடலாம் என்றார். அத்தை முன்மூடியைத் தடவிப் பார்த்து, கீறல் விழுந்தால் தோலை உரித்துவிடுவதாக எச்சரித்தார். மறுநாள் உடைக்கப்போகும் காருக்கு.

அத்தை ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து இருக்கைப் பட்டையைப் போட்டுக்கொண்டார். அப்பாவும் அம்மாவும் நானும் பின்னால் குனிந்து நின்றோம். தலை வெளியே தெரியக் கூடாது என்பது மாமாவின் உத்தரவு. அவர் கேமராவின் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக ஓடிவருவார். "ஒன், டூ, தள்ளு!" என்றார். தள்ளினோம். ஒன்றும் நடக்கவில்லை.

"அண்ணி, பிரேக்க விட்டீங்களா?" என்று அம்மா கத்தினார்.

உள்ளே கை பிரேக் இறங்கும் சத்தம் கேட்டது. அத்தை தப்புச் செய்து நான் பார்த்தது அன்றுதான். அடுத்த தடவை கார் நகர்ந்தது.

முதல் படத்தில் கழி ஆடிவிட்டது. புளோக் மங்கியது, கார் மங்கியது, அத்தையும் மங்கி வேப்பமரத்துப் பேய் மாதிரி இருந்தார். இரண்டாவதில் எல்லாம் சரியாக வந்தது, ஆனால் கார் போகிறதா என்று எட்டிப் பார்த்த அப்பாவின் தலை பின்னால் முளைத்திருந்தது. அதற்குள் மோட்டார் சைக்கிளை எடுக்க வந்த மலாய்க்காரர் ஒருவர், பட்டுப்புடவை கட்டிய அம்மாள் உட்கார்ந்திருக்கும் காரை ஒரு குடும்பமே முன்னும் பின்னும் தள்ளுவதைப் பார்த்து நின்றுவிட்டார். பேட்டரிக்கு ஜம்ப் ஸ்டார்ட் கேபிள் வேண்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். "நோ, நோ, பாங், போட்டோ லா" என்றார் அப்பா. பாங் என்றால் மலாயில் அண்ணன். என்ன புரிந்ததோ, அவரும் தலைக்கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுத் தள்ள வந்தார்.

எனக்கு மூச்சு வாங்கியது. காரின் பின்பக்கம் இன்னும் பகல் சூட்டோடு இருந்தது. பத்து வயதுவரை நான் உள்ளே உட்கார்ந்தே போன கார் அத்தனை கனமானது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அத்தை ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டுவது பின்னாலிருந்தே தெரிந்தது. எஞ்சினைப் போடாததால் அது கல்லைப்போல் இறுகியிருக்கிறது என்று உள்ளேயிருந்து கத்தினார். "விடாதீங்கக்கா, விடாதீங்க!" என்று ஓடியபடியே மாமா கத்தினார். அவர்கள் இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்று கத்தி நான் பார்த்ததில்லை.

அந்தத் தடவைதான் படம் விழுந்தது.

மாமா கேமராவைக் கழற்றிக் கொண்டுவந்து திரையைக் காட்டினார். எங்களால் நம்ப முடியவில்லை. சுற்றுச்சுவரும் விளக்குக் கம்பங்களும் எதிர்ப்புறப் புளோக்குகளும் அவற்றில் தொங்கிய துணிகளும் நீள நீளமான வண்ணக் கோடுகளாகப் பின்னால் பறந்தன. நடுவில் வெள்ளிக் கார், ஒரு தூசிகூடத் தெரியும் அளவுக்குத் துல்லியமாக. உள்ளே அத்தை. உதட்டைக் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, யாருக்கும் வழி விடமாட்டேன் என்ற முகத்தோடு விரைவுச்சாலையில் பாய்ந்துகொண்டிருந்தார்.

"அண்ணி, டிராஃபிக் போலீஸ் புடிச்சிரும்" என்றார் அம்மா. மலாய்க்காரர் "வாஹ், லாஜு!" என்று கட்டைவிரலைக் காட்டினார். வேகம் என்று அர்த்தம், அது எனக்கும் தெரியும். எல்லாரும் சிரித்தோம். எனக்கு ஒரே ஒரு குறைதான் இருந்தது.

"நான் எங்க? நாம யாருமே இல்லியே?"

அத்தை அந்தத் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை. மாமா அடுத்த படத்துக்கு நகர்த்தப் போனபோது, அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

மலாய்க்காரர் விடைபெற்றுப் போனார். மாமா கழியை அவிழ்த்தார், கிண்ணங்களைப் பிய்த்தார். கீறல் விழவில்லை. காரை அதன் கட்டத்துக்குள் தள்ளி விட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்று அப்பா சொன்னார். நான் புரோட்டா என்றேன். அத்தை மறுபடி காருக்குள் ஏறிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

"இன்னொரு தடவ தள்ளுங்க" என்றார்.

"படம் நல்லா வந்திருச்சே அக்கா" என்றார் அப்பா.

"படத்துக்கு இல்ல. சும்மா."

சும்மா எதற்குத் தள்ள வேண்டும் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். அம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார். மூன்று பேர் மட்டும்தான் இப்போது. தலையைக் குனியச் சொல்ல ஆள் இல்லாததால் நிமிர்ந்தே தள்ளினோம். அத்தை இந்தத் தடவை நேராகப் போகவில்லை. மாடியை முழுச் சுற்றும் சுற்றினார். மூலை வந்தபோது திரும்புவதற்கு முன் சிக்னல் போட்டார். அந்த மாடியில் ஓடுகிற வண்டி வேறு ஒன்றுகூட இல்லை. ஆனாலும் டிக் டிக் என்ற சத்தம் பின்னால் இருந்த எங்களுக்குக் கேட்டது. ஜன்னலை இறக்கியிருந்தார். நடக்கிற வேகம்தான், இருந்தாலும் தலையிலிருந்த பூ லேசாக ஆடியது.

அப்போது பார்த்து வானம் முழுக்க ஆரஞ்சு நிறமாகிவிட்டது. புளோக்குகளின் ஜன்னல்கள் எல்லாம் தீப்பிடித்தன. இப்படியொரு வெளிச்சத்துக்காகத்தான் மாமா வாரக்கணக்கில் காத்திருப்பார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அவர் கடைசி மூலையில், எங்கள் எதிரே, கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். கார் நெருங்கியது. கேமராவை உயர்த்திக் கண்ணில் வைத்தார். காரோடு சேர்ந்து மெதுவாகத் திரும்பினார். பிறகு, அத்தையின் முகத்தில் எதையோ கண்டவர்போல, எடுக்காமல் இறக்கிவிட்டார். லென்ஸுக்கு மூடி போட்டார். காரை அல்ல, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கார் அதன் கட்டத்தில் நின்ற பிறகும் அத்தை கொஞ்ச நேரம் இறங்கவில்லை. நாங்கள் பின்னாலேயே நின்றோம். இறங்கி வந்தபோது அவர் முகம் கழுவியதுபோல இருந்தது. வேர்வை என்று நினைத்தேன், எங்களுக்கும்தான் வேர்த்திருந்தது. நேராக மாமாவிடம் போனார்.

"எடுத்தியா தம்பி?"

அவரைத் தம்பி என்று அத்தை முதல் தடவையாகக் கூப்பிட்டதை நான் கவனித்தேன்.

"இல்லக்கா" என்றார் மாமா. "வெளிச்சம் போயிருச்சு."

அத்தை தலையைத் தூக்கி அந்த ஆரஞ்சு வானத்தை நன்றாகப் பார்த்தார்.

"ஆமா" என்றார். "போயிருச்சு."

எனக்குத் தாங்கவில்லை. என் நிழல் அந்தத் தரையில் ஆள் நீளத்துக்கு விழுந்துகிடந்தது. தாதியாக இருந்தவருக்கும் புகைப்படக்காரருக்கும் இவ்வளவு வெளிச்சம்கூடவா தெரியவில்லை? "இன்னும் எவ்வளவு வெளிச்சம் இருக்கு, பொய் சொல்றீங்க!" என்று கத்திவிட்டேன். அம்மா என் தோளில் வலிக்கும்படி கிள்ளினார். நான் சொன்னது முழுக்க உண்மை. எதற்காகக் கிள்ளுகிறார் என்று கேட்டு, புரோட்டாக் கடைவரைக்கும் அழுதுகொண்டே போனேன்.